ஆடுகிற பொத்தான்

இன்றைக்கு முதியோர் பகல் இல்லத்தில் போய்க் கெட்டியம்மாவைப் பற்றிக் கேட்டால் புண்ணியவதி என்பார்கள். மறதி நோய் வந்து, கை ஓயாமல் எதையாவது பிய்த்துக்கொண்டே இருக்கும் பெரியவர்களுக்காக அவள் தைத்துக் கொடுத்த கைக்கூடுகள் நாற்பதைத் தாண்டிவிட்டன. சொல்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் இதில் இறங்கியது புண்ணியத்துக்கு இல்லை, சுத்தமான வயிற்றெரிச்சலில். அதை அவளே வாய்விட்டு ஒப்புக்கொண்டிருக்கிறாள், ஒரே ஒரு ஆளிடம்.

கெட்டியம்மா என்பது தெரு வைத்த பெயர். முப்பத்திரண்டு வருடம் சட்டையும் பள்ளிச் சீருடையும் தைத்தவள். அவள் வைத்த பொத்தான் அறுந்ததாகச் சரித்திரமே இல்லை. சட்டை நைந்து, காலர் கிழிந்து, கடைசியில் தரை துடைக்கும் துணியாகிவிட்ட பிறகும் பொத்தான் மட்டும் இருந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஊசியை எட்டுத் தடவை ஏற்றி இறக்கி, அடியில் நூலை நாலு சுற்றுச் சுற்றி, பின்பக்கம் இரண்டு முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுப்பாள். பக்கத்துத் தெருத் தையற்காரர் ஒருமுறை வந்து, "கொஞ்சம் விட்டுத்தான் தையுங்களேன். பட்டன் அறுந்தாத்தானே ஜனங்க மறுபடியும் நம்ம பக்கம் வருவாங்க" என்று கெஞ்சியதாகக்கூட ஒரு பேச்சு உண்டு.

அவள் புருஷன் ரேடியோ பழுது பார்ப்பவர். வீட்டின் முன்னறைதான் இருவருக்கும் கடை. நடுவில் ஒரு இரும்பு பீரோ. இந்தப் பக்கம் அவளுடைய தையல் மிஷின், அந்தப் பக்கம் அவருடைய மேஜையும் ஒயர்க் குப்பையும். பீரோ மறைப்பதால் வேலை நேரத்தில் அவள் பார்த்ததெல்லாம் அவருடைய முதுகும் இடது காதும்தான். பழுது பார்த்து முடித்ததும் மாலைச் செய்தி வரும் நேரத்துக்கு செட்டைப் போட்டு, குமிழை இரண்டு விரலால் மெல்லத் திருப்பி, தலையைச் சாய்த்துக் கேட்பார். செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் கரகரப்பு இல்லாமல் வந்தால் செட்டு சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

"நல்லாருக்கா?" என்று பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்பார்.

"என்ன பெரிய குரல். மூக்கால பேசுறா."

அவர் கேட்டது செட்டைப் பற்றி. அவள் சொன்னது அந்தப் பெண்ணைப் பற்றி. இது ஒருநாள் இரண்டுநாள் நடந்ததில்லை, வருடக்கணக்காக நடந்தது. பொறாமை என்பது அவளுக்கு உடம்போடு பிறந்தது. எதிர்வீட்டுக்காரியின் இஸ்திரிப் பெட்டி மேல் ஒரு பொறாமை, அவர் சிரித்துப் பேசும் வாடிக்கைக்காரிகள் மேல் ஒரு பொறாமை. ஆனால் முகமே தெரியாத ஒருத்தி தினமும் வீட்டுக்குள் வந்து, தன் புருஷன் தலையைச் சாய்த்துக் கேட்கிற மாதிரி பேசிவிட்டுப் போவதை மட்டும் அவளால் பொறுக்கவே முடிந்ததில்லை. அப்படி அவர் ஒருநாளும் இவள் பேச்சைக் கேட்டதில்லை என்பது அவள் கட்சி.

பிறகு அவருக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின. அடுத்து வீட்டுக்கு வரும் வழி போயிற்று. ஒருநாள் காலையில் அவள் டீயை நீட்டியபோது எழுந்து நின்று வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றார். வாழ்நாள் முழுக்க 'ஏய்' என்றும் 'இந்தா' என்றும் கூப்பிட்ட மனிதர். அவள் உள்ளே போய் கழுவின தம்ளரையே மூன்று தடவை கழுவினாள்.

மனசு போனாலும் கை போகவில்லை. அதுதான் பெரிய தொல்லை. விரல்கள் சும்மா இருக்கவே இருக்காது. போர்வையில் நூல் நூலாக உருவும், மேஜை விளிம்பைச் சுரண்டும், ஒன்றும் கிடைக்காவிட்டால் சொந்த மணிக்கட்டையே கிள்ளிக்கிள்ளிப் புண்ணாக்கும். அவர் சட்டைப் பொத்தான்களைத் திருகித் திருகிப் பார்ப்பார். அவள் வைத்த பொத்தான் எங்கே அசையும்?

இரண்டு தெரு தள்ளி இருந்த பகல் இல்லத்தில் காலை ஒன்பதுக்கு விட்டுவிட்டு நாலு மணிக்கு அழைத்து வருவது என்று ஏற்பாடாயிற்று. ஒருநாள் நாலு மணிக்குப் போனால், மனிதர் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். மடியில் கம்பளி நூலில் பின்னிய ஒரு குழாய். இரண்டு பக்கமும் திறந்த அதற்குள் இரண்டு கையையும் விட்டுக்கொள்ளலாம். வெளியிலும் உள்ளேயும் ஜிப், ரிப்பன், மணி, பொத்தான் என்று கண்டதையும் தைத்திருந்தது. அவர் விரல்கள் அதன் மேல் நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தன. மாதக்கணக்கில் காணாத ஒரு தெளிவு முகத்தில்.

"இதுக்குப் பேர் கைக்கூடு. நம்ம டைப்பிஸ்ட் அம்மா பண்ணது" என்றாள் அங்கே வேலை செய்யும் பெண்.

டைப்பிஸ்ட் அம்மா ஒரு கம்பெனியில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடவே இருந்த அக்காவுக்கு இதே நோய் வந்து, இதே மாதிரி கையைப் புண்ணாக்கிக்கொண்டபோது, பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி, கிடைத்ததையெல்லாம் அதில் தொங்கவிட்டுக் கொடுத்திருக்கிறாள். அக்கா போன பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. விழித்தெழுவதற்கே காரணம் தேடிக்கொண்டிருந்தவள், மற்றவர்களுக்கும் அதையே செய்து தர ஆரம்பித்தாள். இந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் மனசு இளகும். கெட்டியம்மாவுக்கு இளகவில்லை. அவள் கண் அப்போது அங்கே இருந்த டைப்பிஸ்ட் உடுத்தியிருந்த வெளிர் நீலப் புடவையையும், அவள் போய்வருகிறேன் என்றதும் தன் புருஷன் தலையாட்டிச் சிரித்ததையும்தான் பார்த்தது.

வீட்டுக்கு வந்தும் அவர் கைக்கூட்டை விடவில்லை. சாப்பிடும்போது மடியில், படுக்கும்போது நெஞ்சில். அசந்த நேரம் பார்த்து அவள் அதை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் புரட்டினாள். பின்னல் ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் ஓட்டை. ரிப்பன் கோணல். நடுவில் கோட்டில் வைக்கிற பெரிய கறுப்புப் பொத்தான் ஒன்று, ஒரு விரல்கடை நூலில் தொளதொள என்று ஆடிக்கொண்டிருந்தது. ஊசி பிடிக்கவே தெரியாதவள் கைவேலை. இதைப் போய் நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்குகிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தானே ஒன்று செய்துவிடுவது என்று இறங்கினாள். மூன்று வாரம் ஆயிற்று. வெல்வெட் துணி, உள்ளே பருத்தி லைனிங், இரண்டு ஜிப், கொக்கி, ஏழு நிறத்தில் ஏழு பொத்தான். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம், அப்படி ஒரு வேலை. அவர் வாங்கிக் கையை விட்டார். ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டார், திருகிப் பார்த்தார். பிறகு மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா செஞ்சிருக்கீங்கம்மா. வேற யாருக்காவது உபயோகப்படும்."

அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. வேலையில் குறை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். பாராட்டிவிட்டு வேண்டாம் என்பவரை என்ன செய்வது?

புதன்கிழமைதோறும் பகல் இல்லத்தில் உறவுக்காரர்கள் கூடிக் கைக்கூடு செய்வார்கள். டைப்பிஸ்டிடம் அப்படி என்ன ரகசியம் இருக்கிறது என்று வேவு பார்ப்பதற்காகவே கெட்டியம்மா அதில் போய் உட்கார்ந்தாள். ரகசியம் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஊசியில் நூல் கோக்கவே பக்கத்து ஆள் உதவி வேண்டியிருந்தது. இவள் வேலையைப் பார்த்துவிட்டு அவள்தான் வாய் பிளந்தாள். "இந்தத் தையல் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அதில் நடிப்பு இல்லை. பொறாமைப்படுகிறவர்களுக்கு எதிரி நல்லவளாக வாய்ப்பதைப் போல ஒரு கஷ்டம் கிடையாது. திட்டுவதற்கு ஒரு பிடி கூடக் கிடைக்காமல் கெட்டியம்மா வயிறு எரிந்தபடியே வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த ஞாயிறு அவர் மதியம் கண்ணயர்ந்தபோது அந்தக் காரியத்தைச் செய்தாள். ஆடுகிற பொத்தான் ஆபத்து, அறுந்தால் வாயில் போட்டுக்கொள்வார் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். நியாயம் பொய்யில்லை. ஆனால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது நெஞ்சில் இருந்தது நியாயம் இல்லை. டைப்பிஸ்டின் நூலைக் கத்தரித்து எறிந்தாள். எட்டுத் தடவை ஏற்றி இறக்கி, நாலு சுற்று, இரண்டு முடிச்சு. பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பொத்தானை இழுத்துப் பார்த்தாள். மலை மாதிரி நின்றது. இப்போது அதில் தன் கையும் இருக்கிறது என்று ஒரு அற்ப சந்தோஷம்.

அவர் எழுந்தார். கைக்கூட்டை எடுத்தார். பொத்தானை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினார். திரும்பவில்லை. மறுபடி திருப்பினார். விரல் நுனி சிவக்கும் வரை திருப்பிப் பார்த்துவிட்டு, எழுந்து அவளிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. என்னால முடிஞ்ச வரைக்கும் பாத்துட்டேன். இதைச் சரி பண்ண எனக்குத் தெரியல."

வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தவர் மணிக்கட்டைக் கிள்ள ஆரம்பித்தார்.

திங்கள், செவ்வாய், புதன். ஆறியிருந்த புண் மறுபடி திறந்துகொண்டது. பகல் இல்லத்தில் பக்கத்து நாற்காலிக்காரரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கித் திருகி உடைத்தார். தடுக்க வந்தவளின் கையை முறுக்கினார். வாழ்நாளில் ஒரு ஈயை அடித்தறியாத மனிதர். கெட்டியம்மா கட்டுப் போட்டாள், கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அந்நியப் பெண் தொட்டதுபோல் நாகரிகமாக விலக்கிவிட்டுக் கிள்ளுவதைத் தொடர்ந்தார்.

வியாழக்கிழமை மதியம் டைப்பிஸ்ட் அம்மா வீடு தேடி வந்தாள். தையல் மிஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, சொல்லத் தயங்கிச் சொன்னாள்.

"சனிக்கிழமை டாக்டர் வராரு. இப்படியே இருந்தா இவரை இல்லத்துல வச்சுக்க முடியாதுங்கிறாங்க. தூக்க மருந்து குடுத்துப் படுக்க வைக்கிற பெரிய இடம் ஒண்ணு இருக்காம், வெளியூர்ல. அங்க அனுப்பச் சொல்லுவாங்களாம். திடீர்னு என்ன ஆச்சுன்னே தெரியலையே. போன வாரம் வரைக்கும் நல்லாதானே இருந்தாரு?"

அடையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்து அறையில் மூச்சுச் சத்தம் கேட்டால் போதும் என்றுதான் கெட்டியம்மா ஒவ்வொரு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் போகப் போகிறது. பீரோ மேலிருந்த கைக்கூட்டை எடுத்து டைப்பிஸ்ட் மடியில் போட்டாள்.

"இந்த பட்டனை நான் பிரிச்சுத் தச்சேன். ஞாயித்துக்கெழமை."

டைப்பிஸ்ட் தடவிப் பார்த்தாள். "எவ்ளோ கெட்டியா இருக்கு. அறுந்துடக் கூடாதுன்னு நல்லதுக்குத்தானே பண்ணீங்க."

"நல்லதுக்கு இல்ல. வயித்தெரிச்சல்ல பண்ணேன். நீங்க தச்சதை நெஞ்சுல வச்சுத் தூங்குறாரு. நான் தச்சதை வேற யாருக்காவது குடுங்கன்னுட்டாரு."

டைப்பிஸ்ட் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "என்னைப் பாத்தா பொறாமை? அறுபத்தொரு வயசாச்சு எனக்கு. இதுவரைக்கும் ஒருத்தரும் பட்டதில்லைங்க. அதுவும் என் தையலைப் பாத்து." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த பட்டன் ஆடட்டும்னு வேணும்னே விட்டதெல்லாம் இல்ல. எனக்கு இறுக்கித் தைக்க வரல, அவ்வளவுதான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, தலையைச் சாய்ச்சுக்கிட்டு, 'நல்லா எடுக்குது'ம்பாரு. என்ன எடுக்குதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல."

கெட்டியம்மாவுக்குப் புரிந்தது. தலையைச் சாய்த்துக்கொண்டு என்ற இடத்திலேயே புரிந்துவிட்டது. பீரோவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து முப்பத்திரண்டு வருடம் பார்த்த அந்த இடது காது.

இவ்வளவு துக்கத்துக்கு நடுவிலும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை. இது டைப்பிஸ்டுக்குத் தெரியவில்லை. உலகத்தில் தன் ஒருத்திக்குத்தான் தெரியும். உடனே சொல்லிவிடவில்லை அவள். "பாக்கறேன், சரி பண்ணிடலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். அந்த ஒரு நாளாவது அது தனக்கு மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அடுத்த புதன்கிழமை எல்லாரிடமும் சொன்னது உண்மைதான். அன்றிலிருந்து யார் கைக்கூடு கேட்டு வந்தாலும், "அவங்க கை என்ன வேலை செஞ்ச கை?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. தபால் பிரித்தவருக்குச் சின்னச் சின்ன அறைகள், பூட்டு செய்தவருக்கு உள்ளே போய்ச் சிக்கி வெளியே வரும் கொக்கி. புண்ணியவதிப் பட்டமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பொத்தானைப் பிரித்தாள். தன் முடிச்சைத் தானே பிரிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கால் மணி நேரம் பிடித்தது. அதன் பிறகுதான் உண்மையான பாடு. தொளதொளவென்று தைக்க வேண்டும், கை கேட்க மாட்டேன் என்கிறது. விட்டுத்தான் ஆரம்பிப்பாள், மூன்றாவது இழுப்பில் கை தன்னால் இறுக்கிவிடும். பிரிப்பாள். மறுபடி இறுகும். பொத்தானுக்கு அடியில் தீக்குச்சியைக் கொடுத்துத் தைத்தாள், போதவில்லை. கடைசியில் சீருடைக்கு அளவு குறிக்கிற பென்சிலையே அடியில் கொடுத்து, நூலுக்குப் பதில் மெல்லிய எலாஸ்டிக் கோத்து, பின்பக்கம் இன்னொரு சின்னப் பொத்தானை வைத்து, அதில் முடிச்சைப் போட்டாள். பின்பக்கம் யானை இழுத்தாலும் வராது. அங்கே மட்டும் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டாள். பென்சிலை உருவினாள். பொத்தான் ஆடியது. முப்பத்திரண்டு வருடத் தொழிலில் அதைவிட அசிங்கமான ஒரு வேலையை அவள் செய்ததில்லை.

மாலை நாலு மணிக்கு அவரை அழைத்து வந்து, பீரோவுக்கு அந்தப் பக்கம், பழைய மேஜை முன்னால் உட்கார வைத்தாள். கைக்கூட்டை அவர் முன்னால் வைத்தாள். பீரோவுக்கு இந்தப் பக்கம் வரவில்லை. அவருக்கு எதிரே, வாடிக்கைக்காரர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கட்டுப் போட்ட மணிக்கட்டு சந்தேகத்தோடு உள்ளே போயிற்று. இரண்டு விரல்கள் பொத்தானைக் கண்டுபிடித்தன. திருப்பின. அது அரை வட்டம் போய் மெல்லத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை, இன்னும் மெதுவாக. அவர் தலை இடது பக்கம் சாய்ந்தது. காது மட்டும் அவளுக்குப் பழக்கம். அந்த நேரத்தில் முகம் எப்படி இருக்கும் என்று அவள் இத்தனை வருடத்தில் பார்த்ததே இல்லை. புருவம் லேசாகச் சுருங்கி, உதடு பாதி திறந்து, யாருக்கோ நல்ல சேதி வரப்போவதைப் போல இருந்தது. செய்தி வாசிக்கிற பெண்ணை நினைத்து வந்த முகம் இல்லை அது. வேலை சரியாக வந்துவிட வேண்டுமே என்று கவலைப்படுகிற முகம். அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம்தான், பல்லால் நூலைக் கடிக்கும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

விரல் நின்றது.

"வந்துருச்சு" என்றார். "செய்தி. நல்லாருக்கா?"

அறையில் தெருச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. கெட்டியம்மாவும் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நல்லாருக்கு" என்றாள். "தெளிவா இருக்கு. அந்தம்மாவுக்கு ரொம்ப நல்ல குரல்."

அவர் முகம் மலர்ந்தது. பெரிய வேலையை முடித்தவர்போல மூச்சு விட்டு, கைக்கூட்டிலிருந்து கையை எடுத்து, அதைத் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"அப்ப செட்டு சரியாயிடுச்சும்மா. எடுத்துட்டுப் போங்க."

அவள் ஸ்டூலை விட்டு எழவில்லை. நீட்டிய கைகளை மெல்ல அவர் பக்கமே தள்ளினாள்.

"இங்கயே இருக்கட்டுங்க" என்றாள். "நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"சரிம்மா, வாங்க. கடை இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடி பொத்தானைத் திருப்ப ஆரம்பித்தார்.